முதல் எம்எம்ஓ கேம்: சேரும் முன் போட வேண்டிய கணக்கு

போன மே மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பிளஸ் டூ தேர்வு முடிந்து, கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருந்தது. "மாமா, நீங்க ரொம்ப வருஷமா ஆடுறீங்களே, அந்த மாதிரி ஒரு ஆன்லைன் கேம்ல நானும் சேரணும். எது நல்லது?" என்று கேட்டான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்கள் பலர், மூன்றாம் மாதமே பணமும் போய் ஆசையும் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அன்று சாயங்காலம் இருவரும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. எம்எம்ஓஆர்பிஜி, சுருக்கமாக எம்எம்ஓ என்பது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உலவும் ஒரு கற்பனை உலகம். நீங்கள் ஒரு கேரக்டரை உருவாக்கி, அதை வளர்த்து, மற்றவர்களோடு சேர்ந்து சண்டை போடலாம், வியாபாரம் செய்யலாம், சும்மா ஊர் சுற்றலாம். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன், 1999இல் வந்த எவர்குவெஸ்ட், 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவை இந்த வகையை நிலைநிறுத்தியவை. நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வருக்குக் கரண்ட் செலவு, புதுப்புதுக் கதைகளும் ஊர்களும் செய்யும் ஆட்களுக்குச் சம்பளம் என்று நிறுவனத்துக்கு மாதாமாதம் செலவு இருக்கிறது. அந்தப் பணத்தை யாரிடம், எந்த வழியில் வாங்குகிறார்கள் என்பதுதான் கேமின் சுபாவத்தையே தீர்மானிக்கிறது. கதை, கிராஃபிக்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

1. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

நோட்டில் முதல் வரி பணம் இல்லை, நேரம். "தினமும் எட்டு மணி நேரம் ஆடுவேன்" என்றான் பையன். அது லீவு கணக்கு. கல்லூரி திறந்த பிறகு எவ்வளவு என்று கேட்டதும் யோசித்துவிட்டு, வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று எழுதினான். நீங்களும் வேலை, வீடு, தூக்கம் எல்லாம் போக மிஞ்சுவதை எழுதுங்கள். கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான்.

காரணம் இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது சீசன் வரும். போன சீசனில் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஆயுதமும் கவசமும் அப்போது பழசாகிவிடும். தொடர்ந்து ஆடுகிறவர்களுக்கு அது உற்சாகம். வாரம் ஆறு மணி நேரக்காரருக்கு, ஓடிக்கொண்டே இருந்தும் பின்தங்குவது போல இருக்கும். கில்டு வார்ஸ் 2 இதற்கு நேர்மாறு. 2012 ஆகஸ்டில் வெளியான நாளிலிருந்து அதில் உச்ச லெவல் 80தான். ஒரு லெவல்கூட ஏற்றவில்லை. ஒரு வருடம் கழித்து வந்தாலும் உங்கள் பழைய கவசம் செல்லும். குடும்பம், வேலை என்று இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கேமைத்தான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கூட்டுச் சண்டைகளை ரெய்டு என்பார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் அதற்கு எட்டுப் பேர் வேண்டும். வார்கிராஃப்டின் மிகக் கடினமான நிலையில் இருபது பேர். இத்தனை பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டுமானால், வாரத்தில் இந்தக் கிழமை இத்தனை மணிக்கு என்று முடிவு செய்துகொள்வார்கள். அந்த மணி யாருடைய கடிகாரத்தில் என்று பாருங்கள். ஜெர்மனியில் கோடைக்காலத்து இரவு எட்டு மணி, நமக்கு இரவு பதினொன்றரை; குளிர்காலத்தில் பன்னிரண்டரை. நியூயார்க்கின் கோடை இரவு எட்டு என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. ஜப்பானின் எட்டு மணி நமக்குச் சாயங்காலம் நாலரை; சிங்கப்பூரின் எட்டு மணி ஐந்தரை. இதைக் கவனிக்காமல் நான் முதலில் ஓர் ஐரோப்பியக் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், சேர்ந்தேன். அருமையான மனிதர்கள். ஆனால் ரெய்டு முடிய இரவு மூன்று மணி ஆகும். காலையில் ஒன்பதுக்கு வேலைக்குப் போக வேண்டும். நாலு மாதத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, விலகினேன். அந்த நட்பை விட்டு வந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். முதலிலேயே பார்த்திருந்தால் வேறு சர்வரைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

2. எது பிடிக்கும்?

இது அவரவர் ருசி, நீட்டத் தேவையில்லை. நாவல் படிப்பதுபோல ஒரே நீண்ட கதை வேண்டுமானால் ஃபைனல் ஃபேன்டஸி 14. மலை ஏறி, குகைக்குள் புகுந்து ஊர் சுற்றப் பிடித்தால் கில்டு வார்ஸ் 2 அல்லது எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன். வியாபாரம், அரசியல், போர் என்று மனிதர்களோடு மோத வேண்டுமானால் ஈவ் ஆன்லைன், அல்பியன் ஆன்லைன். மரம் வெட்டி, மீன் பிடித்து, மெதுமெதுவாகக் கைத்தொழிலை வளர்த்துக்கொண்டே பாட்டுக் கேட்க வேண்டுமானால் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்.

அல்பியன் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் ஆபத்தான பகுதிகளில் செத்தால் உடம்பில் இருப்பதையெல்லாம் கொன்றவர் எடுத்துக்கொண்டு போய்விடலாம். சிலருக்கு அதுதான் கேமின் உயிர். ஒரு வாள் போனதற்கு இரண்டு நாள் தூங்காதவர் என்றால் உங்களுக்கு அது வேண்டாம்.

நண்பர்கள் ஏற்கெனவே ஒரு கேமில் இருந்தால் மேலே சொன்ன ருசியைக்கூடக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் முதல் மாதக் குழப்பம் பாதியாகக் குறையும்.

3. மெஷினும் லைனும் தாங்குமா?

சில கேம்களுக்கு மாதச் சந்தாவைவிடப் பெரிய செலவு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 இரண்டுமே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இருந்தால்தான் நிம்மதி. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் பழைய ஆபீஸ் லேப்டாப்பிலும் ஓடும். 2018 முதல் போனிலும் வந்துவிட்டது, அதே கணக்கில் இரண்டிலும் ஆடலாம். அல்பியனும் 2021 முதல் அப்படித்தான். புது மெஷின் வாங்க இப்போது பணம் இல்லையென்றால் இந்த இரண்டில் ஒன்றோடு தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது பிங். நீங்கள் பட்டனை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம். இதை வெறும் இன்டர்நெட் வேகம் என்று நினைத்து அதிக விலை பிளானுக்கு மாறுகிறார்கள். பிங் பெரும்பாலும் தூரத்தைப் பொறுத்தது. ஃபைபர் கேபிளுக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும், போய்வர 10 மில்லிசெகண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். குறைந்தபட்சமே 29 மில்லிசெகண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் மேல். கேபிள் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூடும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் இந்தத் தூரம் குறையாது. வைஃபையை விட்டு லேன் கேபிளில் மாட்டினால் பிங் ஏறி இறங்காமல் இருக்கும். அந்த ஒரு கேபிள் செலவு செய்யலாம். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் நல்லது.

அதனால் சர்வர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அல்பியன் 2023 மார்ச்சில் ஆசியாவுக்கென்று தனி சர்வர் திறந்தது. நமக்கு அது வசதி. கில்டு வார்ஸ் 2, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் இரண்டிலும் வட அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டுதான். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பொதுவாக ஐரோப்பாதான் பக்கம். ஃபைனல் ஃபேன்டஸி 14க்கு ஜப்பானும் உண்டு, 2022 ஜனவரியில் ஓசியானியாவும் வந்தது.

தூரம் கூடினால் எல்லாக் கேமும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அடிப்படை இடைவெளி 2.5 நொடி. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நகரும், ஈவ் ஆன்லைன் 1 நொடிக்கு ஒருமுறை. இப்படி மெதுவாகத் துடிக்கும் கேம்களில் 200 மில்லிசெகண்டு பிங் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். குதித்து விலகித் தப்பிக்க வேண்டிய கேம்களில் அதே பிங் வாட்டி எடுக்கும்.

4. பணம் வாங்கும் வழிகள்

இந்த இடத்தில் அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் வழி மாதச் சந்தா. வார்கிராஃப்ட் மாதம் 14.99 டாலர். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் குறைந்த சந்தா 12.99 டாலர். ஈவ் ஆன்லைனின் முழுச் சந்தா 2022 மே மாதம் 19.99 டாலராக ஏறியது. பார்த்தவுடன் கனமாகத் தெரியும். ஆனால் தொகை தெரிந்த தொகை. மாதத்தில் ஒருநாள் ஆடினாலும் முப்பது நாள் ஆடினாலும் அதேதான். இதில் கேம் செய்கிறவருக்கு இருக்கும் ஆசை ஒன்றுதான், நீங்கள் அடுத்த மாதமும் இருக்க வேண்டும். அதற்காகச் சில வேலைகளை இழுத்தடிப்பார்கள், தினமும் வரவைப்பார்கள். அது ஒரு குறைதான். என்றாலும் உள்ளே போன பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் பணப்பையைத் தொட மாட்டார்கள்.

இரண்டாவது, ஒருமுறை வாங்குவது. கில்டு வார்ஸ் 2க்கு மாதச் சந்தாவே கிடையாது. அடிப்படைக் கேம் 2015 முதல் இலவசம். பிறகு வரும் எக்ஸ்பேன்ஷன்களை, அதாவது புதிய கதையும் ஊர்களும் கொண்ட பெரிய தொகுப்புகளை, தனித்தனியே வாங்க வேண்டும். அண்மைக்காலத்தில் வந்தவை தலா 24.99 டாலர். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014 ஏப்ரலில் சந்தாவோடு தொடங்கி, 2015 மார்ச்சில் அதைக் கைவிட்டு இந்தப் பக்கம் வந்தது. வாங்கினால் ஆடலாம், சந்தா விருப்பம். ஆனால் விருப்பம் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அந்தக் கேமில் கைத்தொழிலுக்கான பொருட்கள் நூற்றுக்கணக்கில் சேரும். அவற்றை அளவில்லாமல் போட்டுவைக்கும் பை சந்தாதாரருக்கு மட்டும்தான். பை நிரம்பி வழியும்போது, விருப்பமாக இருந்தது தேவையாகிவிடும்.

மூன்றாவது, இலவசம். இதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். இலவச கேமில் கடை இருக்கும். கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்த்தால் போதும், கேமின் மனசு தெரிந்துவிடும். உடை, சாயம், சவாரி விலங்கின் அழகு இவற்றை மட்டும் விற்றால் பயமில்லை. பை இடம், வேகமாக லெவல் ஏறும் மருந்து இவற்றை விற்றால், பணம் தராதவரின் ஆட்டம் வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்டிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். சண்டையில் வெல்ல வைக்கும் பலத்தையே விற்றால், அந்தக் கேமில் சேராதீர்கள் என்பதுதான் என் கருத்து.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் போனில் ஒரு இலவச எம்எம்ஓ ஆடினேன். முதல் வாரம் 99 ரூபாய்க்கு ஒரு சலுகைப் பெட்டி. பிறகு 299. கவசத்தை மேம்படுத்த ஒவ்வொரு முறையும் தோல்வி வாய்ப்பு உண்டு. தோற்காமல் காக்கும் கல் கடையில் கிடைக்கும். கில்டில் எல்லோரும் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பின்தங்கிக் கூட்டத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று வாங்கினேன். நாலு மாதம் கழித்து பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கூட்டிப் பார்த்தால் பதினோராயிரம் ரூபாய் தாண்டியிருந்தது. அதே நாலு மாதம் வார்கிராஃப்டுக்குச் சந்தா கட்டியிருந்தால் பாதிகூட ஆகியிருக்காது. இலவசம் என்ற பலகை மாட்டிய கேமைவிட, விலையை வெளிப்படையாக எழுதிய கேமே எனக்குச் சிக்கனமாக இருந்தது.

பெட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிக்கு லூட் பாக்ஸ் என்று பெயர். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இது அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானது என்றே அறிவித்தது. நான் மேலே பாராட்டிய கில்டு வார்ஸ் 2இலும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனிலும் இப்படிப் பெட்டிகள் விற்றிருக்கிறார்கள். வாங்காமல் இருந்தால் ஆட்டத்தில் எதுவும் குறையாது. வாங்காமல் இருந்துவிடுங்கள்.

கடையில் விலை ரூபாயில் எழுதியிருக்காது. ரத்தினம், கிரீடம், வைரம் என்று ஏதோ ஒன்றில் இருக்கும். அதை முதலில் ரூபாயாக்கிப் பழகுங்கள். கில்டு வார்ஸ் 2இல் 800 ரத்தினம் 10 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு ரத்தினம் ஒரு ரூபாய் பன்னிரண்டரைக் காசு. 1,000 ரத்தினத்துக்கு ஒரு சிறகு விற்கிறது என்றால் அது 1,125 ரூபாய்ச் சிறகு. இப்படிச் சொல்லிப் பார்த்தாலே பாதி ஆசை அடங்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: கேமுக்குள் சம்பாதித்த காசிலேயே சந்தா கட்டுவது. வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் என்று ஒன்று உண்டு. பணம் உள்ளவர் கடையில் வாங்கி ஏலச் சந்தையில் விற்பார். கேமுக்குள் தங்கம் சேர்த்தவர் அதை வாங்கி 30 நாள் ஆடுவார். ஈவில் பிளெக்ஸ், ரூன்ஸ்கேப்பில் பாண்டு, அல்பியனில் வெள்ளிக்கு பிரீமியம் என்று அதே ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புதியவருக்கு அவ்வளவு தங்கம் சேர்க்கப் பல மணி நேரம் ஆகும். 1,350 ரூபாய்ச் சந்தாவுக்காக 20 மணி நேரம் கேமுக்குள் செடி பறித்து விற்றால் மணிக்கு அறுபத்தேழு ரூபாய். உங்கள் ஓய்வு நேரம் அதைவிட மதிப்புள்ளது.

5. காசு கொடுக்கும் முன் ஆடிப் பாருங்கள்

இலவச முயற்சியில் இன்று மிகத் தாராளமானது ஃபைனல் ஃபேன்டஸி 14. லெவல் 70 வரை, நாள் கணக்கே இல்லாமல், அடிப்படைக் கேமும் முதல் இரண்டு எக்ஸ்பேன்ஷன்களும் ஆடலாம். நூற்றுக்கணக்கான மணி நேரம் போகும். சந்தையில் வாங்க விற்க முடியாது, கில்டில் சேர முடியாது, அந்தக் கேமின் காசான கில் கையில் மூன்று லட்சத்துக்கு மேல் சேராது. கதை படிக்க வந்தவருக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனம். ஒருமுறை காசு கொடுத்து முழுக் கணக்காக்கினால் மறுபடி இலவச முயற்சிக்குத் திரும்ப முடியாது. ஸ்டார்ட்டர் எடிஷன் என்று விற்பதில் இருப்பதும் இதே இரண்டு எக்ஸ்பேன்ஷன்கள்தான். அவசரப்பட்டு அதை வாங்கினால், இலவசமாகக் கிடைத்த அதே கதைக்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பீர்கள். முயற்சியில் உள்ளதை முடித்துவிட்டு வாங்குங்கள்.

வார்கிராஃப்டில் லெவல் 20 வரை இலவசம். கேமின் சாயலைப் பார்க்க அது போதும். கில்டு வார்ஸ் 2இன் இலவசக் கணக்கில் லெவல் 80 வரையே போகலாம். ஈவ் ஆன்லைனில் 2016 நவம்பர் முதல் ஆல்ஃபா என்ற இலவச நிலை இருக்கிறது. திறமைகளுக்கு வரம்பு உண்டு. ரூன்ஸ்கேப்பில் இலவச உலகங்கள் தனியாகவே இருக்கின்றன.

மூன்று கேமை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் தொடாதீர்கள், எதுவும் மனதில் நிற்காது. முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். எல்லா எம்எம்ஓவிலும் தொடக்கம் மந்தம்தான். இரண்டு வாரம் கழித்து, வேலை செய்துகொண்டிருக்கும்போது எந்த உலகம் தானாக நினைவுக்கு வருகிறதோ அதுதான் உங்களுக்கானது.

6. ஒரு வருடக் கணக்கு

இப்போது நோட்டில் ஒரு வருடத்துக்கான தொகையை எழுதுங்கள். மாதக் கணக்கு ஏமாற்றும். டாலர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வார்கிராஃப்ட்: மாதாமாதம் கட்டினால் வருடத்துக்கு 179.88 டாலர், சுமார் 16,200 ரூபாய். 50 டாலர் எக்ஸ்பேன்ஷன் ஒன்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாங்கினால் இன்னும் 2,250. மொத்தம் 18,000க்கு மேல். ஃபைனல் ஃபேன்டஸி 14: குறைந்த சந்தாவில் சுமார் 14,000, எக்ஸ்பேன்ஷன் தனி. கில்டு வார்ஸ் 2: ஓர் எக்ஸ்பேன்ஷன் வாங்கினால் 2,250. தள்ளுபடியில் பழையவை இன்னும் மலிவு. இடையில் வந்த சில கதைப் பகுதிகளைத் தவறவிட்டிருந்தால் அவற்றைத் தனியே வாங்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகையை, முதல் படியில் எழுதிய வருட மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரம் ஆறு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 312 மணி. வார்கிராஃப்டுக்கு மணிக்கு அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. வாரம் இருபது மணி நேரக்காரருக்கு அதே கேம் மணிக்கு பதினெட்டு ரூபாய்தான். ஆக, நிறைய ஆடுகிறவருக்குச் சந்தா லாபம், கொஞ்சமாக ஆடுகிறவருக்கு ஒருமுறை வாங்குவது லாபம்.

மூன்று மாதம் ஆடி மூன்று மாதம் நிறுத்துவதும் நல்ல வழி. எக்ஸ்பேன்ஷன் வந்ததும் இரண்டு மாதச் சந்தா, கதை முடிந்ததும் ஓய்வு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஃபைனல் ஃபேன்டஸி 14இல் கேமுக்குள் நிலமும் வீடும் வாங்கியிருந்தால், 45 நாள் அந்த வீட்டுக்குள் நுழையாவிட்டால் வீடு இடிக்கப்படலாம். அந்த வீட்டுக்காகவே சந்தா கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் வருடத்தில் வீடு வாங்காதீர்கள்.

7. எங்கே, எப்படிக் கட்டுவது

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ரூபாயில் விலை இருக்கும், யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஸ்டீமில் ஒரு பூட்டு இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14ஐ ஸ்டீமில் வாங்கினால், பிறகு எல்லா எக்ஸ்பேன்ஷனையும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். கில்டு வார்ஸ் 2இல் ஸ்டீம் கணக்கு வேறு, நிறுவனத்தின் நேரடிக் கணக்கு வேறு. ஒன்றை மற்றொன்றோடு இணைக்க முடியாது. எங்கே மலிவு என்று பார்த்து, முதல் நாளே ஒரு பக்கத்தை முடிவு செய்துவிடுங்கள்.

நிறுவனத்துக்கே நேரடியாக டாலரில் கட்டினால், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். பேங்க் அதற்குப் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் எடுக்கும், அதன் மேல் ஜிஎஸ்டி. இந்தியக் கார்டுகளில் தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் விதி இருக்கிறது: முதலில் உங்கள் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த நிறுவனம் இந்த ஏற்பாட்டில் இல்லையென்றால் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாது. சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இது நல்ல காவல்.

பிள்ளைகள் ஆடினால், போனில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி ப்ளே ஸ்டோரில் வைத்துவிடுங்கள். கார்டை அவர்கள் கணக்கில் சேமிக்காதீர்கள். பிறகு, வருடத்துக்கு இவ்வளவுதான் என்று தொகையைச் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒளித்துவைப்பதைவிட அது வேலை செய்யும்.

8. கணக்கைக் காப்பாற்றுவது

வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, அதோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. இரண்டையும் முதல் நாளே செய்யுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் ஒன்டைம் பாஸ்வேர்டு வைத்தால் ஓர் ஊருக்கு இலவசமாகப் பறக்கும் வசதியே பரிசாகத் தருகிறார்கள். கேமுக்குள் யாரோ வந்து தான் நிறுவன ஊழியர் என்று சொல்லிப் பாஸ்வேர்டு கேட்டால், அவர் ஊழியர் இல்லை. மலிவாகத் தங்கம் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். அந்தத் தங்கம் பல நேரம் திருடிய கணக்குகளிலிருந்து வருவது, வாங்கியவர் கணக்கும் முடக்கப்படும்.

கேமே மூடப்படும் வாய்ப்பையும் கணக்கில் வையுங்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது. வைல்டுஸ்டார் 2014இல் வந்து 2018இல் போனது. 2021இல் பெரிய கூட்டத்தோடு தொடங்கிய நியூ வேர்ல்டுக்கு இனிப் புதிய உள்ளடக்கம் இல்லை என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். வாங்கிய உடையும் சவாரியும் சர்வரோடு போய்விடும். அதனால் கடைக் காசை மொத்தமாக வாங்கிச் சேர்த்துவைக்காதீர்கள். கடைசியாக எப்போது புதிய உள்ளடக்கம் வந்தது, அடுத்தது எப்போது என்று நிறுவனம் சொல்லியிருக்கிறதா என்று சேரும் முன் பாருங்கள்.

9. சந்தா போட்ட அன்றே செய்ய வேண்டியது

கணக்குப் பக்கத்துக்குப் போய், தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். வார்கிராஃப்டிலும் ஃபைனல் ஃபேன்டஸி 14இலும் அப்படிச் செய்தாலும் கட்டிய நாட்கள் அப்படியே இருக்கும். மாதம் முடிந்ததும் கேம் உள்ளே விடாது. அப்போது கார்டை எடுக்கத் தோன்றுகிறதா, எழுந்துபோய் டீ போடத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

அக்கா மகன் மூன்று கேமை ஆடிப் பார்த்துவிட்டு கில்டு வார்ஸ் 2இன் இலவசக் கணக்கில் நின்றான். ஆகஸ்டில் ஒரு தள்ளுபடி வந்தபோது போன் செய்தான். "மாமா, நோட்டுல எழுதுன பட்ஜெட்டுக்குள்ளதான் வருது. வாங்கிடவா?" என்றான். வாரம் எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று கேட்டேன். ஐந்தரை என்றான். வாங்கிக்கோ என்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து ஆடுகிறோம்.